எழுபத்தைந்தின் மண்டி

வரிசை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. வரிசை மாறினால் வழக்கு நிற்காது.

முதல் அநியாயம், எழுபத்தொன்று. மில் ஆபீசில் மானேஜர் எங்களுக்குப் படித்துக் காட்டியது ஓர் ஒப்பந்தம், கைநாட்டு வாங்கியது வேறோர் ஒப்பந்தத்தில். அன்றைக்கு வைத்துக்கொண்ட விதி: சாட்சி முன்னிலையில் சத்தமாகப் படிக்காத எதிலும் நான் கை வைப்பதில்லை.

இரண்டாவது, எழுபத்து மூன்று. கேட் கூட்டத்துக்கு நாங்கள் அடிக்கும் தமுக்கை அதே மானேஜர் பிடுங்கிப் பஞ்சு குடோனில் போட்டுப் பூட்டினான். தோலை எலி தின்றது.

மூன்றாவது, எழுபத்தைந்து. நெருக்கடி நிலை. மில் வாசலில் போலீஸ் வேன். ஷிப்டு விட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் தலையில் பஞ்சு. யார் தலைவன், யார் தொண்டன் என்று போலீசுக்கு அடையாளம் தெரியவில்லை. மாடியில் நின்று ஒரு கை நீண்டது. அவன் கை. பதினோரு மாதம் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது என் பெயர் போய்விட்டது. ஊரே என்னை ‘எழுபத்தஞ்சு’ என்றது. ‘எழுபத்தஞ்சுக்கு ஒரு டீ.’ ‘எழுபத்தஞ்சு வந்தா கூட்டம் ஆரம்பிக்கலாம்.’ இன்றைக்கும் அதுதான் பெயர்.

நான்காவது, என் மனைவி இறந்த அன்று. பாடை அவன் வீட்டைத் தாண்டும்போது வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். கேலி.

ஐந்தாவது, மில் மூடிய பிறகு. நான் வாடகைக்கு இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினான். முன்கட்டில் அவன், பின்கட்டில் நான், நடுவில் கிணற்று முற்றம். காலி செய் என்று ஒரு நோட்டீஸ்? கிடையாது. ஒரு வக்கீல் கடிதம்? கிடையாது. நோட்டீஸே வராமல் ஒரு மனிதன் எதை எதிர்த்துப் போராடுவது, சொல்லுங்கள்? இருபது வருஷமாக என்னைச் சும்மா உட்கார வைத்துவிட்டான்.

ஆறாவது, நேற்று சாயங்காலம். விஷம்.

நாக்கைப் பாருங்கள். நன்றாக விளக்கடித்துப் பாருங்கள். நீலம் பாரித்திருக்கிறதா இல்லையா? உதட்டின் உட்பக்கமும் அப்படித்தான். காலையில் கண்ணாடியில் பார்த்ததும் ஆட்டோ பிடித்தேன். தலை இரண்டாகப் பிளக்கிறது. வாய் வறண்டு கிடக்கிறது. நர்ஸம்மா, நீங்களும் பாருங்கள், நீங்கள்தான் முதல் சாட்சி. பெருக்குகிற அம்மா, விளக்குமாற்றை வைத்துவிட்டு இப்படி வாருங்கள், நீங்கள் இரண்டாவது.

குடிப்பழக்கமா? எனக்கா? ‘சாராயம், முதலாளியின் இரண்டாவது சாட்டை’ என்று துண்டறிக்கை போட்டவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். எழுபத்தொன்பது வயதில் நேற்றுத்தான் முதல் தடவை, அதுவும் பயந்துகொண்டே குடித்தேன்.

அவன் பெயரா? பெயர் சொல்வதில்லை. துண்டறிக்கைக்காரனுக்கு அதுதான் முதல் பாடம். எதிரி பெயரை அச்சில் போட்டால் மானநஷ்ட வழக்கு வரும், பட்டப்பெயர் போட்டால் வராது. ‘தொப்பியே, கணக்குச் சொல்!’ என்று போடுவோம். ஊருக்கே தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்தில் ஒருநாள் கூட அவன் பெயர் என் வாயில் வந்ததில்லை. தொப்பி என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடாதா? சரி, அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

என்ன நர்ஸம்மா, வெளியே தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாரா? கைத்தடியோடா? பார்த்தீர்களா டாக்டரம்மா! விடியற்காலையில் நான் ஆட்டோ ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான். செத்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறான். அந்தக் கதவைச் சாத்துங்கள். தாழ்ப்பாள் இல்லையா? இது என்ன ஆஸ்பத்திரி!

கை ஜில்லென்று இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். நான் பேசி முடிப்பதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் மிச்சத்தை மாசிலாமணி சொல்வான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன புதன்கிழமை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவன் மகள் ஒதீல் பிரெஞ்சு தேசத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். அப்பனும் மகளும் பேசுகிறார்கள். ஒட்டுக்கேட்பது தவறுதான். ஆனால் ‘எழுபத்தஞ்சு’ என்று என் பெயர் காதில் விழுந்தால் நான் என்ன செய்வது?

“எழுபத்தஞ்சு இன்னும் தாங்கும்னா நெனைக்கிற, பப்பா?”

“எங்க தாங்குறது. இந்தத் தடவ நீ இருக்கறப்பவே முடிச்சுடணும்.”

“பெரியப்பா எப்பவும் சொல்வாரு, எழுபத்தஞ்சு சுத்த முரடு, இது இளகறதுக்குள்ள நாம போய்ச் சேந்துருவோம்னு.”

“அவரு போய்ச் சேந்துட்டாரு. இது இன்னும் இருக்கு.” அவன் சிரித்தான். “கசப்பு. அப்படியொரு கசப்பு.”

“செவப்பு போயிருக்குமோ?”

“ஓரத்துல வெளுத்து செங்கல் மாதிரி ஆயிருக்கும். நடுவுல செவப்பாத்தான் இருக்கும். ஒண்ணு, உள்ளுக்குள்ள எப்பவோ செத்துப் போயிருக்கலாம். வெளியலேந்து பாத்தா தெரியாது.”

டாக்டரம்மா, ஓரத்தில் செங்கல், நடுவில் சிவப்பு! என் அரசியலை இவ்வளவு துல்லியமாக எந்தக் கட்சிக்காரனும் எடைபோட்டதில்லை. சோப்பு நுரை முகத்திலேயே காய்கிறது. துடைக்கக்கூடப் பயம், துண்டு உதறினால் சத்தம் கேட்குமே.

அவள் கேட்கிறாள்: “எப்படிச் செய்யலாம்?”

“அவசரப்படக் கூடாது. மூணு நாள் அசைக்காம விட்டுடு. அப்புறம் கழுத்துக்கிட்ட பதமா... பழசில்ல, இறுக்கினா நொறுங்கிடும். கழுத்துக்குக் கீழ மெழுகுவத்தி ஏத்தி வெச்சு, வெளிச்சத்துல பாத்துக்கிட்டே செய்யணும். உங்க பெரியப்பா அப்படித்தான் செய்வாரு.”

பெரியப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன். எத்தனை பேரை அப்படிச் செய்தானோ!

ஜெயிலில் அடித்திருக்கிறார்கள் என்னை. நகக்கண்ணில் ஊசி என்று மிரட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் இந்தப் பயம் இல்லை. ஏன் என்று மூன்று நாளும் யோசித்தேன். அன்றைக்கு உள்ளே இருந்தால் வெளியே நானூறு பேர் கோஷம் போடுவார்கள். இன்றைக்குச் சங்க ஆபீசில் செல்போன் கடை நடக்கிறது. பின்கட்டில் நான் செத்துக் கிடந்தால் நாற்றம் அடித்த பிறகுதான் தெரியும். தெரிந்துகொள்பவனும் அவனாகத்தான் இருப்பான்.

மறுநாள் அந்தப் பெண்ணே பின்கட்டுக்கு வந்தாள். “முசியே, சனிக்கெழம சாயந்தரம் நீங்க வீட்டுக்கு வரணும். நீங்க இல்லாம எழுபத்தஞ்ச முடிக்கக் கூடாதுன்னு பப்பா சொல்லிட்டாரு.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பிரெஞ்சில் ஐயா என்று மரியாதை வேறு, என் முகத்துக்கு நேரே!

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு அழைத்து நான் போகாத நாள் கிடையாது. ‘எழுபத்தஞ்சு பயந்துட்டான்’ என்று தொப்பி சொல்வதைவிடச் சாவது மேல். அதற்காகப் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று நாளும் பச்சைத் தண்ணீர்கூட அந்தக் கிணற்றில் எடுக்கவில்லை.

சாட்சிக்கு மாசிலாமணியைக் கூப்பிட்டேன். சங்கத்தின் பொருளாளர். பொதுக்குழுவில் இன்றைக்கு மிச்சம் அவனும் நானும்தான். காது மெஷினைப் போட்டுக்கொண்டு வாடா என்றால், “பேட்டரி தீந்துபோச்சு, தோழர். சாட்சிக்குக் கண்ணு போதாதா?” என்றான்.

போனோம். மேசை மேல் வெள்ளைத் துணி. அதன் மேல், சொன்னபடியே, ஒரு மெழுகுவத்தி எரிகிறது. என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டேன். தொப்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் வாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நிதானமாகப் பேசினால் விளங்கும், பதறினால் பாதிப் பேச்சு வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். வீட்டுக்குள்ளும் தொப்பி. என்னைப் பார்த்ததும் கழற்றி மடியில் வைத்தான்.

ஒதீல் ஓர் ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்தாள், பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. பிரெஞ்சு தேசத்தில் போர்தோ என்ற ஊரில் பெரியப்பன் வீட்டு நிலவறையில் ஐம்பது வருஷம் படுத்துக்கிடந்ததாம். புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். “பிரயாணத்துல கலங்கிடுச்சு முசியே. அதான் மூணு நாளா நிமித்தி வெச்சிருந்தோம்.”

நான் எழுந்து நின்றேன். “அதுல என்ன எழுதியிருக்கு? சாட்சி முன்னால சத்தமா படி.”

“எதுக்கு முசியே?”

“படிம்மா. படிக்காததுல நான் கை வெக்கிறதில்ல. அது உங்கப்பனுக்கே தெரியும்.”

ஏதோ ஷத்தோ என்று ஆரம்பித்து வாய் நிறையப் படித்தாள். முடிவில், “திராட்ச பறிச்ச வருஷம், எழுபத்தஞ்சு” என்றாள்.

அந்தக் கணம் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது, மறைக்க மாட்டேன். கிணற்றடியில் கேட்ட பேச்சு இந்தப் பாட்டிலைப் பற்றியதாக இருக்குமோ? ஆனால் நீங்களே சொல்லுங்கள், பாட்டிலுக்குக் கசப்பு இருக்கலாம், முரட்டுத்தனம் இருக்குமா? இளகுமா? உள்ளுக்குள்ளே சாகுமா? சிந்தித்துப் பார்த்தேன், இது என்னைத் திசைதிருப்பும் வேலை என்று முடிவு செய்தேன்.

தக்கையை எடுப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேர்த்துவிட்டது. ஊறின ரஸ்க் மாதிரி பொடிந்து வந்தது. பிறகு பாட்டிலின் கழுத்தை மெழுகுவத்திக்கு மேலே பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணாடிக் கூஜாவில் மெல்ல மெல்லச் சாய்த்தாள். திடீரென்று நிறுத்தினாள். அடியில் கறுப்பாக ஏதோ புரண்டது.

“அது என்ன?”

“மண்டி, முசியே. பழசானா இறங்கும். அதைக் குடிக்க மாட்டாங்க.”

அப்படியென்றால் விஷம் அதில்தான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

எனக்குத்தான் முதலில் ஊற்றினாள். ‘நீ குடி’ என்று தொப்பியைப் பார்த்தேன். “விருந்தாளி மொதல்ல” என்றான், கோணல் வாயால். மாசிலாமணி என்னைக் கேட்காமலே தன் குவளையை நீட்டினான்.

“மொதல்ல துணிக்கு மேல சாய்ச்சுப் பாருங்க, முசியே.” பார்த்தேன். நடுவில் சிவப்பு. ஓரத்தில் செங்கல்.

“இப்ப மோந்து பாருங்க.”

மூக்கை உள்ளே விட்டேன். டாக்டரம்மா, விஷம் எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு மணத்தது மில். இயந்திரத்தின் தோல் பெல்ட். பீடிக் கட்டைப் பிரித்ததும் வருமே, அது. அப்புறம் பென்சில் சீவின வாசனை. துண்டறிக்கை எழுத உட்காரும்போது முதல் வேலை பென்சில் சீவுவதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் மழை பெய்த பஞ்சு குடோன். இதையெல்லாம் எப்படி அடைத்தார்கள் என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. குவளை பல்லில் இடித்தது.

குடித்தேன். முதலில் ஒரு நாவற்பழப் புளிப்பு, அதுவும் வற்றின பழம். பிறகு துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தால் நாக்கின் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்குமே, அது. பிறகு கசப்பு. விழுங்கினேன், போகவில்லை. சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் காதுக்குள் நிற்குமே, அதுபோல் நின்றது. நானும் நின்றேன், எப்போது விழுவேன் என்று.

“எப்படி இருக்கு?” அவன்தான் கேட்டான். மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

பயத்தைக் காட்டக் கூடாது. மேடையில் பேசுவது போலச் சொன்னேன்: “கசப்பு இருக்கு. ஆனா அது நியாயமான கசப்பு. முன்ன இருந்த வேகம் இல்ல. அதுக்காக முடிஞ்சு போச்சுன்னு எவனும் சொல்லிட முடியாது.”

“சரியா சொன்னான்” என்றான் தொப்பி மகளிடம். “பெரியப்பாகூட இப்படிச் சொன்னதில்ல.” பிறகுதான் அவனும் குடித்தான். ஆமாம் டாக்டரம்மா, குடித்தான், ஆனால் மேலே தெளிந்ததை. மாசிலாமணியும் குடித்தான், இரண்டு தடவை. வரும் வழியில் ஆட்டோவை நிறுத்திப் பார்த்தேன், குறட்டை விடுகிறான். அவனுக்கு விஷம் ஏறாது. அவன் எல்லாக் கட்சியிலும் இருந்தவன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. மெழுகுவத்தி பாதி எரிந்துவிட்டது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான். ஏதோ பேச ஆரம்பித்தான். எனக்கு எப்படிக் கேட்கும்? என் கண்ணும் காதும் அந்தப் பாட்டிலின் அடியிலேயே இருந்தன. என் நெஞ்சு தமுக்கு மாதிரி அடிக்கிறது. ‘எழுபத்தஞ்சுல’ என்றான். பாட்டிலைச் சொல்கிறான் என்று நினைத்தேன். ‘கை நீட்டினது’ என்று வந்தது. கையை நீட்டி எடு என்கிறான். ‘நாந்தான்’ என்றான். கடைசியில், ‘மண்டிச்சிடு.’

மண்டியைக் குடிச்சிடு! உத்தரவு! பழைய மானேஜர் உத்தரவு!

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயமெல்லாம் ஒதுங்கிவிட்டது. நான் குடிக்க மாட்டேன் என்றுதானே நினைக்கிறாய்? பாட்டிலை எடுத்தேன். ஒதீல், “ஐயோ, அது வேணாம் முசியே!” என்று என் கையைப் பிடிக்கிறாள். மகள் வேண்டாம் என்பாள், அப்பன் குடி என்பான். ஒரு போலீஸ் அடிப்பான், ஒரு போலீஸ் பீடி கொடுப்பான். பழைய உத்தி. அவளை விலக்கிவிட்டு, அடியில் இருந்ததை அப்படியே குவளையில் கவிழ்த்துக் கடகடவென்று குடித்தேன். மணல் மாதிரி. கரி மாதிரி. பல்லிடுக்கெல்லாம் நறநறவென்றது. காலிக் குவளையை அவன் முன்னால் வைத்தேன். ‘போதுமா?’ என்றேன்.

அவன் அழுதான்.

ஆமாம், அழுதான். கோணல் வாய் இன்னும் கோணிப்போய். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மனசாட்சி குத்தியிருக்கும். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். என்னைப் பார்த்து, “திருமேனி” என்றான்.

என் பெயர், டாக்டரம்மா. என் மனைவிக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறுதியானது. சாகப் போகிறவனைத்தானே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? ராத்திரி முழுவதும் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம்.

இந்த மஞ்சள் பையில் இருப்பதுதான் பாட்டில், நேற்றே கையோடு எடுத்து வந்துவிட்டேன். தடயம். அடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

என்ன? வெறும் சாயமா? நாக்கில் இருப்பதா? நாவற்பழம் தின்றால் ஒட்டுவது போலவா? தலைவலி? முதல் தடவை குடித்தால் எல்லாருக்கும் வருமா? சரி. நீங்கள் படித்தவர்கள். அப்படியானால் அவன் ஏன் மண்டியைக் குடிக்கச் சொன்னான், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

திரும்பச் சொல்லவா? அவன் சொன்னபடியேவா? சொல்கிறேன். ‘எழுபத்தஞ்சுல... கை நீட்டினது... நாந்தான்... மண்டிச்சிடு.’

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

நர்ஸம்மா, நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்னது?

மன்னிச்சிடு?

இல்லை. இருக்காது. அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. எழுபத்தஞ்சுல கை நீட்டினது நாந்தான், மன்... இல்லை, டாக்டரம்மா. அப்படிச் சொல்வதென்றால் முறை இருக்கிறது. சாட்சி முன்னிலையில் சொல்ல வேண்டும்.

சாட்சி இருந்தான். பேட்டரி இல்லாமல்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நேற்று விஷம் என்று நினைத்தபோது பயம் வயிற்றில் இருந்தது. இப்போது நெஞ்சுக்கு ஏறிவிட்டது. அவன் அதைக் கேட்டிருக்கிறான் என்று வைத்துக்கொண்டால், நான் மண்டியைக் குடித்ததை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பான்? மன்னித்துவிட்டேன் என்றா? நான் எங்கே மன்னித்தேன்? கோரிக்கை வந்தால் பொதுக்குழுவில் வைத்து விவாதிக்க வேண்டும். அவன் அழுதானே. நான் ‘போதுமா’ என்று வேறு கேட்டேனே.

ஐம்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன், டாக்டரம்மா. அது வந்தபோது நான் பாட்டிலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதத்தை எடுங்கள். ஆறாவதை அடித்துவிடுங்கள். மூன்றாவது இருக்கட்டும், அதில் ஓர் எழுத்தைத் தொடாதீர்கள். நான்காவது... நான்காவதை அப்புறம் பார்க்கலாம்.

போகலாமா? உடம்புக்கு ஒன்றும் இல்லையா? தனியாக அனுப்ப மாட்டீர்களா? யாராவது கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டுமா? எனக்கு யார் இருக்கிறார்கள்? மாசிலாமணி எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகும்.

அந்தத் தொப்பி... வெளியே இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா, நர்ஸம்மா? ஏதாவது சாப்பிட்டாரா? ஒரு பக்கம் விளங்காத ஆள், அந்த பெஞ்சில் எத்தனை நேரம் உட்காருவார்? கதவைத் திறந்து வையுங்கள்.

உறவா? என்ன உறவு என்று கட்டாயம் எழுத வேண்டுமா? எதிரி என்று எழுதுங்கள். சிரிக்காமல் எழுதுங்கள். ஐம்பது வருஷம் வைத்துக் காப்பாற்றிய உறவு அது.

பெயர்.

சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், பழக்கமில்லாத வாய். கிட்டே வாருங்கள், காதில் சொல்கிறேன்.

எழுதிவிட்டீர்களா? கை வைக்க மாட்டேன், முதலில் படியுங்கள். நர்ஸம்மா, பெருக்குகிற அம்மா, இரண்டு பேரும் இப்படி நில்லுங்கள். சத்தமாகப் படியுங்கள், டாக்டரம்மா. அந்த பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும்.

“அழைத்துச் செல்பவர், உறவு, எதிரி. பெயர், லெயோன் சவரிராயன்.”